கண்ணாடித் தகடும் மலையகத்தார் நிறமும்

கோல்புறூக் – கமரூன் ஆணைக்குழுவின் சார்ள்ஸ் ஹே கமரூனை இலங்கை வரலாறு நன்கறியும். அவர்தம் மனைவி யூலியா மார்கரெட் கமரூன் 1875இல் இங்கு குடியேறித் தோட்டத் தொழிலாளரைப் படம்பிடித்தமை அத்துணை அறியப்பட்டதன்று. 1879இல் திக்கோயாவில் மறைந்த அவ்வம்மையார் பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார்.

அக்காலத்து ஈரக் கொலோடியன் தகடு நீல ஒளியையே நன்கு பற்றும். சிவப்பை ஏறக்குறைய உணராது. ஆகவே செந்நிறச் சேலையும் மாநிற மேனியும் உள்ளதினும் கருமையாகவே பதிந்தன. பெரும்பாலும் பெயர்தானும் குறிக்கப்படாத அம்மக்களின் தோற்றத்துக்கு இப்படங்களே சான்றாதலின், இப்பிழை சிறிதன்று. இன்று கணினித் திரையின் வெண்மையை 6500 கெல்வினுக்கு அளவுதிருத்தி, உரிய நிறவிவரக் கோப்புடன் நோக்குவோர் அச்சுப்படத்தின் பழுப்பை ஏறத்தாழ உள்ளவாறே காணலாம். தகடு பற்றாத நிறத்தைக் காணவியலாது.