ஸ்மைலி பிறந்த கதை

"நீ பெரிய ஆளுப்பா!"

இதைப் பாராட்டாகவும் சொல்லலாம், கிண்டலாகவும் சொல்லலாம். நேரில் சொன்னால் எது என்று கேட்பவருக்கு உடனே புரிந்துவிடும். சொல்பவரின் குரல் காட்டிக்கொடுக்கும், புருவம் காட்டிக்கொடுக்கும், உதட்டோரச் சிரிப்பு காட்டிக்கொடுக்கும். இதே மூன்று சொற்களைத் தட்டச்சு செய்து அனுப்பினால்? குரலும் இல்லை, முகமும் இல்லை. படிப்பவர் அந்த நேரத்தில் தனக்கு இருக்கும் மனநிலைக்கு ஏற்ற குரலில் அதைப் படித்துக்கொள்வார். நட்புக்குள் சண்டை வர இது போதும்!

இந்தச் சிக்கலுக்கு மனிதர்கள் கண்டுபிடித்த மருந்துதான் ஸ்மைலி. ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறுகோடு, ஒரு அடைப்புக்குறி. இந்த மூன்றும் எப்படி ஒன்று சேர்ந்தன என்பது சுவையான கதை. அதைவிடச் சுவையானது, அந்த மருந்து எதைக் குணப்படுத்தியது, எதைக் குணப்படுத்தவில்லை என்பது.

அச்சில் சிரிக்க முயன்றவர்கள்

கணினிக்கு முன்பே இந்த ஆசை இருந்தது. 1881 மார்ச் 30 அன்று அமெரிக்காவின் 'பக்' என்ற நகைச்சுவைப் பத்திரிகை, அச்சு எழுத்துகளையும் குறிகளையும் மட்டும் கொண்டு நான்கு முகங்களை அமைத்து வெளியிட்டது. மகிழ்ச்சி, சோகம், அலட்சியம், வியப்பு என்று அவற்றுக்குப் பெயரும் கொடுத்தது. படம் வரையும் ஓவியர்களுக்கு எங்கள் அச்சுக் கோப்பவர்கள் சளைத்தவர்கள் அல்ல என்று காட்டும் விளையாட்டு அது.

1887இல் அமெரிக்க எழுத்தாளர் ஆம்ப்ரோஸ் பியர்ஸ் ஒரு புதிய நிறுத்தக்குறியை முன்மொழிந்தார். சிரிக்கும் வாயைப் போலக் கீழ்நோக்கி வளைந்த கோடு. கேலியாகச் சொன்ன வாக்கியத்தின் முடிவில் அதைப் போட வேண்டும் என்றார். அந்த யோசனையே ஒரு கேலிதான். 1899இல் பிரெஞ்சுக் கவிஞர் அல்கான்டர் டி பிராம், வஞ்சப்புகழ்ச்சிக்கு என்றே தனியாக ஒரு குறியை உருவாக்கினார். 1969இல் நியூயார்க் டைம்ஸ் நிருபரிடம் பேசிய நாவலாசிரியர் விளாதிமிர் நபக்கோவ், புன்னகைக்கு ஒரு அச்சுக்குறி இருந்தால் நன்றாக இருக்கும், படுத்துக்கிடக்கும் அடைப்புக்குறி போல என்று சொன்னார்.

ஒன்றும் நிலைக்கவில்லை. அச்சில் எழுதுபவருக்கு யோசிக்க நேரம் இருந்தது. சொற்களைத் தேடிப் போட முடிந்தது. குறி இல்லாமலேயே சமாளித்துவிட்டார்கள். பேச்சு வேகத்தில் எழுத வேண்டிய காலம் வந்தபோதுதான் குறியின் தேவை உண்மையிலேயே உறைத்தது.

பிட்ஸ்பர்க்கில் ஒரு லிஃப்ட்

1982 செப்டம்பர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அதன் கணினி அறிவியல் துறையில் ஒரு மின்னணு அறிவிப்புப் பலகை இருந்தது. பேராசிரியர்களும் மாணவர்களும் முனையத்தில் உட்கார்ந்து அதில் எழுதுவார்கள். கருத்தரங்கு அறிவிப்பும் அங்கேதான், தொலைந்துபோன பொருளைத் தேடுவதும் அங்கேதான், அரட்டையும் அங்கேதான்.

அதில் ஒரு இயற்பியல் புதிர் ஓடிக்கொண்டிருந்தது. கேபிள் அறுந்து கீழே விழும் லிஃப்ட்டுக்குள் சுவரில் ஒரு எரியும் மெழுகுவர்த்தியும், தரையில் ஒரு துளி பாதரசமும் இருந்தால் அவற்றுக்கு என்ன ஆகும்? ஆளாளுக்குப் பதில் எழுதினார்கள். அப்போது ஒரு குறும்புக்காரர், "எச்சரிக்கை!" என்று தலைப்புப் போட்டு, இயற்பியல் சோதனை ஒன்றால் நம் கட்டட லிஃப்ட் ஒன்றில் பாதரசம் கலந்துவிட்டது, லேசான தீச்சேதமும் உண்டு என்று எழுதிவிட்டார்.

புதிரைத் தொடர்ந்து படித்துவந்தவர்கள் சிரித்தார்கள். நடுவில் வந்து இந்த ஒரு செய்தியை மட்டும் பார்த்தவர்கள் உண்மை என்று நம்பிவிட்டார்கள். பாதரச ஆவி நச்சு என்பதால் அந்தப் பயத்தைக் குறை சொல்லவும் முடியாது.

இனி நகைச்சுவைக்கு ஒரு அடையாளம் வைப்போம் என்று பேச்சு தொடங்கியது. தலைப்பில் நட்சத்திரக்குறி போடலாம் என்றார் ஒருவர். சதவீதக்குறி போதும் என்றார் இன்னொருவர். '&' குறி, விழுந்து விழுந்து சிரிக்கும் குண்டு மனிதரைப் போல இருக்கிறது, அதுவே பொருத்தம் என்றார் மூன்றாமவர். '#' குறிதான் பல் தெரியச் சிரிக்கும் வாய் போல இருக்கிறது என்றும் ஒரு கட்சி கிளம்பியது.

செப்டம்பர் 19, காலை 11.44. செயற்கை அறிவு ஆய்வாளர் ஸ்காட் ஃபால்மன் சில வரிகள் எழுதினார். நகைச்சுவைக்கு :-) என்று போடுங்கள், தலையைச் சாய்த்துப் பாருங்கள் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, இங்கே இப்போது நடப்பதைப் பார்த்தால் நகைச்சுவை அல்லாதவற்றுக்குத்தான் அடையாளம் போடுவது சிக்கனம், அதற்கு :-( என்று போடலாம் என்றும் சேர்த்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபால்மன் உணர்ச்சியைக் காட்டும் குறியைத் தேடவில்லை. "நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்பது அன்றைய :-) இன் பொருள் அல்ல, "இதை நிஜமென்று எடுத்துக்கொள்ளாதே" என்பதுதான் பொருள். :-( என்றால் "வருத்தமாக இருக்கிறேன்" என்றும் பொருள் அல்ல, "இது விளையாட்டல்ல" என்று பொருள். எழுதியவரின் நோக்கத்தைச் சொல்லும் இரண்டு குறிகள், அவ்வளவுதான்.

ஆனால் முகத்தைப் பார்த்தால் மனிதர்கள் முகமாகத்தான் படிப்பார்கள். கொஞ்ச நாளிலேயே :-( வருத்தத்தையும் எரிச்சலையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. கணினி வலைப்பின்னல் வழியாகப் பிற பல்கலைக்கழகங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் இரண்டும் பரவின. ஃபால்மன் தன் செய்தியின் பிரதியைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 2002இல், பழைய காப்பு நாடாக்களைத் தேடிப் பிடித்துத்தான் அதை மீட்டெடுத்தார்கள்.

ஜப்பானில் தலை சாய்க்கவில்லை

இதே வேலையை ஜப்பானியர்கள் தங்கள் வழியில் செய்தார்கள். 1986இல் அங்கே ஆஸ்கி நெட் என்ற கணினிச் சேவையில் (^_^) போன்ற முகங்கள் தோன்றின. இதைப் பார்க்கத் தலையைச் சாய்க்க வேண்டாம். இன்னொரு வேறுபாடும் உண்டு. அமெரிக்க முகத்தில் உணர்ச்சி வாயில் இருக்கிறது. கண்கள் பெரும்பாலும் இரண்டு புள்ளிகள்தான். ஜப்பானிய முகத்தில் வாய் ஒரு நேர்க்கோடு. உணர்ச்சி முழுவதும் கண்ணில். அழுதால் (;_;) என்று ஆகிவிடும்.

2007இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வு இதைச் சோதித்தது. முகத்தின் உணர்ச்சியைக் கணிக்கும்போது ஜப்பானியர்கள் கண்ணுக்கும் அமெரிக்கர்கள் வாய்க்கும் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள். ஆக, சிரிப்பு உலகப் பொதுமொழி என்றாலும் அதை முகத்தில் எந்த இடத்தில் தேடுவது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது.

1999இல் ஜப்பானின் என்.டி.டி. டோகோமோ நிறுவனம் கைபேசியில் இணையச் சேவை தொடங்கியபோது, ஷிகேடாகா குரிடா 176 சிறு படங்களை உருவாக்கினார். ஒவ்வொன்றும் 12க்கு 12 புள்ளிகள். வானிலைக் குறியீடுகள், மங்கா சித்திரக்கதைகள் ஆகியவற்றிலிருந்து யோசனைகளை எடுத்துக்கொண்டார். 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து, எமோஜி. 2010இல் யூனிகோட் தரம் நூற்றுக்கணக்கான எமோஜிகளைச் சேர்த்துக்கொண்டது. 2016இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் குரிடாவின் 176 படங்களையும் தன் சேகரிப்பில் வைத்தது. இன்று எமோஜிகளின் எண்ணிக்கை 3,700ஐத் தாண்டிவிட்டது.

படம் கூடினால் துல்லியம் கூடுமா?

இரண்டு குறிகளில் தொடங்கி 3,700 படங்கள் வரை வந்தாயிற்று. அப்படியானால் தவறாகப் புரிந்துகொள்வது ஒழிந்திருக்க வேண்டுமே?

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் இதைப் பரிசோதித்தார்கள். ஒரே எமோஜியின் ஒரே வடிவத்தைக் காட்டியபோதுகூட, அது நல்லதைச் சொல்கிறதா, கெட்டதைச் சொல்கிறதா, இரண்டுமில்லையா என்பதில் நூற்றுக்கு 25 முறை பார்த்தவர்கள் ஒத்துப்போகவில்லை. ஒரு நிறுவனத்தின் கைபேசியில் சிரிக்கும் முகம், இன்னொரு நிறுவனத்தின் கைபேசியில் பல்லைக் கடிப்பது போலத் தெரிந்த கதையும் உண்டு.

2005இல் வெளியான இன்னொரு ஆய்வு சிக்கலின் வேரைத் தொட்டது. சில வாக்கியங்களைக் கிண்டலாகவோ நிஜமாகவோ மின்னஞ்சலிலும் குரலிலும் சொல்லச் சொன்னார்கள். இரண்டிலும் ஏறக்குறைய 78 சதவீதம் சரியாகப் புரியும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் 73 சதவீதம் புரிந்தது. மின்னஞ்சலில் 56 சதவீதம்தான். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும்! காரணம் எளிது. எழுதுபவர் எழுதும்போதே அந்த வாக்கியத்தைத் தன் மனக்காதில் கேட்கிறார். அந்தக் குரல் படிப்பவருக்கும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறார்.

விளைவு எப்போதும் சின்ன மனவருத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. 2010 ஜனவரியில் இங்கிலாந்தின் டான்காஸ்டர் அருகே உள்ள ராபின் ஹுட் விமான நிலையம் பனியால் மூடப்பட்டது. பயணம் கெட்டுப்போகுமே என்ற கடுப்பில் ஓர் இளைஞர், சீக்கிரம் சரிசெய்யாவிட்டால் விமான நிலையத்தைத் தகர்த்துவிடுவேன் என்று விளையாட்டாக ட்விட்டரில் எழுதினார். முடிவில் இரண்டு ஆச்சரியக்குறிகள் இருந்தன, ஸ்மைலி இல்லை. கைது, வழக்கு, 2010 மே மாதத்தில் தண்டனை, 385 பவுண்ட் அபராதம். வேலையும் போயிற்று. 2012 ஜூலையில்தான் லண்டன் உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

பிட்ஸ்பர்க் லிஃப்ட்டில் நடந்தது அப்படியே திரும்ப நடந்திருக்கிறது. ஆபத்தைப் பற்றி ஒரு விளையாட்டுப் பேச்சு. சூழல் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு. சூழல் தெரியாமல் அந்த ஒரு வரியை மட்டும் பார்ப்பவருக்கு எச்சரிக்கை. 1982இல் அந்தப் பலகையைப் படித்தவர்கள் ஒரே துறைக்காரர்கள். குறிக்கு என்ன பொருள் என்று கூடிப் பேசி முடிவு செய்ய அவர்களால் முடிந்தது. ட்விட்டரில் அப்படி ஒரு கூட்டம் கூட்ட முடியாது.

அதனால்தான் :-) நெருங்கியவர்களுக்குள் இன்றும் நன்றாக வேலை செய்கிறது. முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதும்போது அதன் பலம் குறைந்துவிடுகிறது. அங்கே படத்தைவிடச் சொல்தான் பாதுகாப்பு: "சும்மா கிண்டலுக்குச் சொன்னேன்", "நிஜமாகவே பாராட்டுகிறேன்", "கோபம் இல்லை, கொஞ்சம் வருத்தம்தான்". ஸ்மைலியைவிடச் சில எழுத்துகள் கூடுதல். ஆனால் படிப்பவர் கண்ணையும் வாயையும் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஃபால்மன் அன்று சுருக்கிய வாக்கியமும் அதுதானே!