சேவுகம்பட்டியும் யாகப்சனும்

திண்டுக்கல் மாவட்டத்தில் நிலக்கோட்டைப் பக்கம் சேவுகம்பட்டி என்று ஒரு பேரூராட்சி இருக்கிறது. தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு அந்தப் பெயரை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'க'வும், 'ம்'முக்குப் பின்னால் வரும் 'ப'வும் தொண்டை அதிர மெலிந்து வருகின்றன. 'ட்ட'வில் மட்டும் அதிர்வு சட்டென்று நிற்கிறது.

இந்த வித்தியாசத்தை எழுத்து காட்டவில்லை, இடம் காட்டுகிறது. சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை. உயிர்களுக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பின்னும் மெல்லோசை. திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதை ஒரு விதியாகவே சொன்னார்.

"இந்தியில் நாலு 'க' இருக்கு, தமிழில் ஒண்ணுதானே, அப்போ இது குறைதானே?" என்று வகுப்பில் அடிக்கடி கேட்கிறார்கள். இதற்கு நல்ல பதில் 1930களில் பிராக் நகரத்து மொழியியலாளர்களிடம் கிடைக்கிறது. துரூபெட்ஸ்கோய் 1938-இல் இறந்தார்; அவர் புத்தகம் 1939-இல் வந்தது. அவருடைய நண்பர் ரோமன் யாகப்சன் இன்னும் ஒரு படி போய், ஒலி என்பது பிளக்க முடியாத பொருள் அல்ல, சில கூறுகளின் கட்டு என்றார். மூக்கு வழிக் காற்று உண்டா இல்லையா, தொண்டை அதிர்வு உண்டா இல்லையா என்று ஆம்-இல்லைக் கேள்விகள். 1952-இல் ஃபாண்ட், ஹாலே இருவரோடும் சேர்ந்து இப்படிப் பன்னிரண்டு எதிர்நிலைகளைப் பட்டியலிட்டார். 1968-இல் சாம்ஸ்கியும் ஹாலேயும் அதைத் திருத்தி எழுதினார்கள்.

ஒவ்வொரு மொழியும் இவற்றில் சிலவற்றைத்தான் பொருளைப் பிரிக்கப் பயன்படுத்தும். 'பணம்', 'மணம்' இரண்டுக்கும் உதடு ஒன்றே, மூக்குதான் வேறு. தொல்காப்பியத்தின் பிறப்பியலும் ப, ம இரண்டையும் இதழில் பிறப்பதாகச் சேர்த்தே சொல்கிறது. (யாகப்சனுக்கு முன்பே நாம் எல்லாம் கண்டுபிடித்துவிட்டோம் என்று கிளம்ப வேண்டாம். ஆனால் இடத்தையும் தன்மையையும் தனித்தனியே பார்க்கும் கண் அங்கே இருக்கிறது.) தொண்டை அதிர்வோ பழந்தமிழ்ச் சொற்களில் பொருளை மாற்றுவதில்லை. மாற்றாததற்கு எதற்குத் தனி எழுத்து?

வெள்ளைக்காரர் காதுக்கு இது பிடிபடவில்லை போலும். திண்டுக்கல்லின் முதல் எழுத்துக்கு டாக்டரின் 'டி'யைப் போட்டு, 'க்க'வை ஒற்றை 'ஜி' ஆக்கினார்கள். இரண்டுமே நம் வாயில் வல்லோசை!

ஆனால் கடன்சொற்கள் வந்தபின் கதை மாறுகிறது. "ஐயோ பாவம்" என்பதில் ஒரு பாவம், பரதநாட்டியத்தில் இன்னொரு பாவம். எழுத்தில் ஒன்றுதான், சொல்லும்போது முதல் ஒலியின் அதிர்வு மட்டுமே பொருளைப் பிரிக்கிறது.