யாருடைய கட்டைவிரலுக்கு வண்டி நிற்கும்?

அமெரிக்காவின் கிழக்கே, அப்பலாச்சியன் மலைத்தொடரின் முகடுகளை ஒட்டி ஒரு நெடிய நடைபாதை போகிறது. தெற்கே ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, வடக்கே மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் மலையில் முடிகிறது. 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். பென்டன் மெக்கே என்பவர் 1921இல் முன்வைத்த யோசனை இது. 1937இல் முழுப்பாதையும் தயாரானது. இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் முழுவதையும் ஒரே மூச்சில் நடந்துவிடுவது என்று முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஐந்தாறு மாதம் பிடிக்கும்.

மழை, கரடி, கால் கொப்புளம் பற்றியெல்லாம் நிறைய எழுதிவிட்டார்கள். நாம் பேச நினைப்பது, அந்த எழுத்துகளில் பெரும்பாலும் ஒரு பத்தியோடு முடிந்துவிடும் ஒரு சங்கதியை: காட்டிலிருந்து ஊருக்குப் போவது எப்படி?

ஒருவர் முதுகில் நான்கைந்து நாள் சாப்பாட்டுக்கு மேல் சுமக்க முடியாது. தீர்ந்ததும் ஊருக்கு வந்துதான் ஆகவேண்டும். ஹாட் ஸ்பிரிங்ஸ், டமாஸ்கஸ் போன்ற சில ஊர்களில் பாதையே கடைத்தெரு வழியாகப் போகிறது. மற்ற பல இடங்களில் பாதை ஒரு மலைக்கணவாயில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்கும். ஊர் கீழே எங்கோ இருக்கும். டிக்ஸ் கிரீக் கணவாயிலிருந்து ஹையவாஸி சுமார் 18 கிலோமீட்டர். நியூஃபவுண்ட் கணவாயிலிருந்து காட்லின்பர்க் சுமார் 24. பேருந்து கிடையாது. ஆகவே சாலையோரம் நின்று கட்டைவிரலை நீட்டுவார்கள். முன்பின் தெரியாத ஒருவர் பிக்கப் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வார். காசு வாங்கமாட்டார். இப்படி உதவுகிறவர்களுக்கு நடையர்கள் வைத்திருக்கும் செல்லப்பெயரே 'பாதைத் தேவதைகள்'. மனிதர்மேல் நம்பிக்கை திரும்பியது இந்த லிஃப்டுகளால்தான் என்று எழுதாத நடையர் அபூர்வம்.

அந்த நம்பிக்கையை நாம் கேலி செய்யவில்லை. ஆனால் வண்டியோட்டி முடிவெடுப்பது மூன்று நான்கு நொடிகளில். அதற்குள் அவர் எதைப் பார்க்கிறார்?

இதற்கு நடையர்களிடமே விடை இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கு அவர்கள் சொல்லும் யோசனைகளைக் கேளுங்கள்: கறுப்புக் கண்ணாடியைக் கழற்று, முகம் தெரியட்டும். பையும் ஊன்றுகோலும் கண்ணில் படும்படி நில். 'நடையர், ஊருக்கு' என்று அச்சடித்த கைக்குட்டைகூட விற்கிறது. அதை விரித்துக் காட்டலாம். எல்லாம் எதற்காக? 'நான் நாடோடி இல்லை, பிச்சைக்காரன் இல்லை. வீடு வாசல் உள்ளவன், விரும்பித்தான் இப்படி இருக்கிறேன்' என்று சொல்வதற்காக. வாரக்கணக்கில் குளிக்காத உடம்பு, கிழிந்த சட்டை, வியர்வை வாடை எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். விலை உயர்ந்த அந்தப் பைதான் ஒருவரை நடையராகவும் மற்றவரை அலைகிறவராகவும் பிரிக்கிறது. பை ஒரு சான்றிதழ். தோலின் நிறம் அதற்கும் முன்னால் படிக்கப்படும் சான்றிதழ்.

சாலையில் நடப்பவரிடம் சான்று கேட்கும் பழக்கம் அமெரிக்கத் தெற்கில் சட்டமாகவே இருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த 1865ஆம் ஆண்டிலேயே மிசிசிப்பி மாநிலம் ஒரு 'அலைவோர் சட்டம்' போட்டது. விடுதலை பெற்ற கறுப்பர் ஒருவரிடம் வேலை இருப்பதற்கு அத்தாட்சி இல்லையென்றால் அவர் குற்றவாளி. அபராதம் கட்ட முடியாவிட்டால் கட்டுகிறவரிடம் உழைக்க வேண்டும். கட்டுகிறவர் யார்? பெரும்பாலும் பழைய பண்ணையார்தான். மற்ற தென்மாநிலங்களும் இதே வழியில் போயின. கால் போன போக்கில் நடப்பது ஒரு சாராருக்கு ஓய்வு. இன்னொரு சாராருக்குச் சிறை.

இப்படிப்பட்ட சட்டங்கள் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தன தெரியுமா? 1972 வரை. புளோரிடா மாநிலம் ஜாக்சன்வில் நகரத்தின் அலைவோர் சட்டம், சட்டப்படியான நோக்கம் எதுவும் இல்லாமல் இடம்விட்டு இடம் திரிபவர்களையும் குற்றவாளிகள் என்றது. (அப்பலாச்சியன் நடையரை இதைவிடத் துல்லியமாக வர்ணிக்க முடியுமா!) ஆனால் அந்தச் சட்டத்தில் அன்று சிக்கியவர்களில் ஒரே காரில் போன நால்வர் உண்டு: இரண்டு கறுப்பின ஆண்கள், இரண்டு வெள்ளையினப் பெண்கள். காரில் இனம் கலந்து இருந்ததற்கும் கைதுக்கும் சம்பந்தமில்லை என்று காவல்துறை சாதித்தது. உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வில்லியம் டக்ளஸ். இளமையில் சரக்கு ரயிலில் தொற்றிப் பயணம் செய்தவர். 1954இல், ஒரு பழைய கால்வாய்க் கரையை நெடுஞ்சாலையாக்கும் திட்டத்தை எதிர்த்து, கம்பர்லாந்து ஊரிலிருந்து வாஷிங்டன் நோக்கி 300 கிலோமீட்டர் நடைப்பயணத்துக்குத் தலைமை தாங்கியவர். காரணமில்லாமல் நடப்பதும் திரிவதும் வாழ்வின் இனிமைகளில் சேர்ந்தவை என்ற கருத்தை அவர் தீர்ப்பிலேயே பதித்தார். நடக்கத் தெரிந்த ஒருவர் நீதிபதி நாற்காலியில் இருந்ததில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனாலும் 1865க்கும் 1972க்கும் இடையே 107 ஆண்டுகள்.

சட்டத்தை விடுங்கள், ஊர்களுக்கு வருவோம். டென்னசி மாநிலத்தில் நோலிச்சக்கி ஆற்றங்கரையில் பாதை இறங்குகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் எர்வின் என்ற ஊர். நடையர்கள் குளிக்க, துணி துவைக்க, வயிறு நிறையச் சாப்பிட வந்து தங்கும் இடம். இந்த ஊரைப் பற்றி வழியில் எல்லோரும் கேள்விப்படும் கதை ஒன்று உண்டு. 1916 செப்டம்பரில், தன் பாகனைக் கொன்றதற்காக மேரி என்ற சர்க்கஸ் யானையை இந்த ஊர் ரயில் பணிமனையில், ரயில்வே கிரேனில் கட்டித் தூக்கிலிட்டார்கள். புகைப்படம் இருக்கிறது. யானைக்காக இரங்காதவர் இல்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1918 மே மாதம், அதே எர்வினில் டாம் டெவர்ட் என்ற கறுப்பினத்தவர்மேல் ஒரு வெள்ளைச் சிறுமியைத் தாக்கியதாகக் குற்றம் சுமத்தி வெள்ளைக் கும்பல் கொன்றது. உடலை ஊருக்குள் இழுத்து வந்து எரித்தது. ஊரில் இருந்த கறுப்பின மக்களை, ஆண் பெண் குழந்தைகளை, வரிசையாக நிறுத்திப் பார்க்க வைத்தது. பிறகு வெளியேறச் சொன்னது. சுமார் 130 பேர். வீட்டையும் பிழைப்பையும் விட்டுவிட்டுப் போனார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் எர்வின் வெள்ளையர் மட்டுமே வாழும் ஊராக இருந்தது.

யானையின் கதை சுற்றுலாக் கதையாகிவிட்டது. இந்த 130 பேரின் கதை அப்படிச் சொல்லப்படவில்லை.

இப்படிக் கறுப்பரை விரட்டிய, அல்லது இரவு தங்கவிடாத ஊர்களை 'சன்டவுன் டவுன்' என்பார்கள்: சூரியன் சாய்வதற்குள் கறுப்பர்கள் எல்லையைத் தாண்டிவிட வேண்டும். ஜேம்ஸ் லோவன் 2005இல் வெளியிட்ட ஆய்வு நூல், இவை தெற்கில் மட்டும் இருந்தவை என்ற நினைப்பை உடைத்தது. நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இலிருந்து 'பச்சைப் புத்தகம்' என்ற வழிகாட்டியை வெளியிட்டதும் இதனால்தான். கறுப்பர்கள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம், எங்கே பெட்ரோல் போடலாம் என்ற பட்டியல் அது. சொந்தக் காரில் போகிறவருக்கே இந்த நிலை. சாலையோரம் மாலை நேரத்தில் கட்டைவிரலை நீட்டி நிற்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இரண்டு படைவீரர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். இருவரும் இரண்டாம் உலகப்போரில் பசிபிக் பகுதியில் பணியாற்றியவர்கள். ஐசக் உட்வார்ட் கறுப்பினத்தவர். 1946 பிப்ரவரி 12 அன்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, சீருடையோடு, டிக்கெட் வாங்கிய பேருந்தில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் கழிப்பறைக்குப் போக நேரம் கேட்டதில் ஓட்டுநரோடு வாக்குவாதம். தென் கரோலினாவின் பேட்ஸ்பர்க்கில் அவரை இறக்கிக் காவல்துறையிடம் ஒப்படைத்தார்கள். அங்கே விழுந்த அடியில் இரண்டு கண்களும் போயின. அடித்த அதிகாரியை வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி விடுவித்தது. இன்னொருவர் ஏர்ல் ஷாஃபர், வெள்ளையர். போரின் பாரத்தை நடந்தே இறக்கி வைக்கலாம் என்று 1948 ஏப்ரல் 4 அன்று ஜார்ஜியாவில் கிளம்பி ஆகஸ்ட் 5 அன்று மெய்னில் முடித்தார். முழுப்பாதையையும் ஒரே பயணத்தில் நடந்ததாக அறிவித்த முதல் மனிதர். அவர் மலைமேல் இருந்தபோதுதான், ஜூலை 26 அன்று, அதிபர் ட்ரூமன் படைகளில் நிறப்பாகுபாட்டுக்கு முடிவுகட்டும் ஆணையில் கையெழுத்திட்டார். அந்த ஆணைக்கு அவரை நகர்த்தியதில் உட்வார்டின் கண்களுக்குப் பங்குண்டு.

ஷாஃபர் கடந்துபோன ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் அன்று லூயிஸ் மலை என்ற முகாம் இருந்தது. 1939இல் கறுப்பர்களுக்கென்று தனியாகத் திறக்கப்பட்டது. நுழைவாயிலில் அதைச் சொல்லும் பலகையும் உண்டு. உள்துறையில் கறுப்பின விவகார ஆலோசகராக இருந்த வில்லியம் ட்ரென்ட் அமைச்சரோடும் அதிகாரிகளோடும் விடாமல் மல்லுக்கட்டினார். பூங்காவில் பிரிவினை முழுதாக ஒழிய 1950 ஆயிற்று. பாதை அந்த முகாமை ஒட்டித்தான் போகிறது.

தோழர்களே, இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்வி எழும்: லிஃப்ட் என்பதே அவர்களுக்கு எட்டாத ஒன்றாகவா இருந்தது? இல்லை. அதை ஓர் ஆயுதமாகவே மாற்றினார்கள். 1955 டிசம்பரில் அலபாமாவின் மாண்ட்கமரியில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கி 381 நாள் நீடித்தது. வேலைக்கு நடந்தவர்களை ஏற்றிச்செல்ல சுமார் 300 கார்கள் ஓடின. ஏறுமிடங்கள் முறையாக வகுக்கப்பட்டன. காவல்துறை என்ன செய்தது? காருக்காகக் காத்து நின்றவர்களிடம், லிஃப்ட் கேட்பது சட்டவிரோதம் என்று மிரட்டியது. அலைந்து திரிவதாகக் கைது செய்வோம் என்றது. 1865இன் அதே சட்டவாசனை. மார்ட்டின் லூதர் கிங் தம் வாழ்வில் முதன்முதலாகக் கைதானதும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகையில்தான்: 1956 ஜனவரி 26, 25 மைல் வேகத்துக்குப் பதில் 30 மைலில் போனாராம். வெள்ளையின வீட்டுப் பெண்கள் பலர் தங்கள் பணிப்பெண்களைத் தாங்களே காரில் அழைத்துவந்து விட்டார்கள். அதை நிறுத்தும்படி மேயர் கேட்டுக்கொண்டார். பாதிப்பேர் கேட்கவில்லை, சமையலறை ஓடவேண்டுமே!

பத்தாண்டு கழித்து, லிஃப்ட் கொடுத்ததற்காகவே ஒரு பெண்ணைக் கொன்றார்கள். வயோலா லியூஸோ, வயது 39, டெட்ராய்ட்டைச் சேர்ந்த வெள்ளையினத்தவர், ஐந்து குழந்தைகளின் தாய். செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு நடந்த வாக்குரிமைப் பேரணி 1965 மார்ச் 25 அன்று முடிந்ததும், பேரணியினரைத் தன் காரில் செல்மாவுக்குக் கொண்டுபோய் விட்டார். அடுத்த நடைக்காகத் திரும்பும்போது அருகில் இருந்தவர் லெராய் மோட்டன் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞர். கூ கிளக்ஸ் கிளான் ஆட்கள் நால்வர் வேறொரு காரில் துரத்திவந்து சுட்டார்கள். லியூஸோ அங்கேயே இறந்தார். மோட்டன் செத்தவர்போல் கிடந்து தப்பினார். நால்வரில் ஒருவர் எஃப்.பி.ஐ.யிடம் சம்பளம் வாங்கிய உளவாளி. அந்தக் கறையை மறைக்க எஃப்.பி.ஐ. இயக்குநர் எட்கர் ஹூவர், இறந்த பெண்ணின் நடத்தைமேலேயே அவதூறு பரப்பினார். அந்நியரைக் காரில் ஏற்றாதீர்கள், ஆபத்து என்று 1950களில் நாடெங்கும் பிரசாரம் செய்ததும் இதே ஹூவரின் எஃப்.பி.ஐ.தான். ஆபத்து எந்தக் காரில் வந்தது என்று நெடுஞ்சாலை 80க்குத் தெரியும்.

நம்மில் பலருக்கு இந்நேரம் 1901ஆம் ஆண்டு மசூர் ரயில் நிலையம் நினைவுக்கு வந்திருக்கும். நல்ல உடை உடுத்திய சிறுவர்களைப் பார்த்துக் கரிசனமாய் விசாரித்த நிலைய அதிகாரி, மகார் என்ற ஒரு சொல் காதில் விழுந்ததும் முகம் மாறினார். வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, சிறுவன் பீமராவும் உடன்வந்தவர்களும் தாங்களே மாட்டை ஓட்ட, வண்டிக்காரர் தீட்டுக்கு அஞ்சிப் பக்கத்தில் நடந்துவந்தார். அந்த உடையும் ஒரு சான்றிதழ்தான். ஒரு சொல்லில் செல்லாமல் போனது.

அப்பலாச்சியன் பாதைக்குத் திரும்புவோம். அந்தப் பாதையையும் மேற்கே பசிபிக் முகட்டுப் பாதையையும் நடந்து முடித்த முதல் கறுப்பின ஆண் என்று அறியப்படுபவர் ராபர்ட் டெய்லர். 2000ஆம் ஆண்டில் நடையர் பத்திரிகை ஒன்று பேட்டி கண்டபோது அவர் சொன்னதன் சாரம்: காட்டில் பிரச்சினை இல்லை, ஊர்களில்தான். எரித்திரிய வம்சாவளி அமெரிக்க எழுத்தாளர் ரஹாவா ஹைலே 2016இல் அந்தப் பாதையில் தனியாக நடந்தார். ட்ரம்ப் வென்ற தேர்தல் ஆண்டு அது. மறு ஆண்டு எழுதிய கட்டுரையில் அவரும், தனக்கு அச்சம் தந்தது காடு அல்ல, ஊர்களும் சாலைகளும் என்பதைப் பதிவு செய்தார். மற்ற நடையர்களுக்கு ஊர் என்பது பர்கரும் வெந்நீரும். அவருக்கு அது கணக்குப் போட வேண்டிய இடம்.

நடையர்கள் எடைக்கு எவ்வளவு அஞ்சுவார்கள் என்றால், பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட ஒடித்து எறிவார்கள். ஹைலே கறுப்பின எழுத்தாளர்களின் புத்தகங்களைச் சுமந்து நடந்தார். ஒன்றைப் படித்து முடித்ததும், பாதையோரத் தங்குகொட்டகையில், அடுத்து வருகிறவர் கையில் படும்படி வைத்துவிட்டுப் போனார்.