மல்லேஸ்வரம்: புகழும் பின்சந்தும்

பழைய பெங்களூர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் மல்லேஸ்வரத்தைக் காட்டுவர். மரநிழல் படிந்த தெருக்கள், எட்டாவது கிராஸின் பூக்கடைகள், வெண்ணெய் தோசைக்காகக் காத்து நிற்கும் கூட்டம், மாலையில் ஏதேனும் ஒரு சபையிலிருந்து கேட்கும் வீணை ஒலி: அரசு ஊழியரும் பேராசிரியரும் வித்துவான்களும் குடியிருந்த அமைதியான நடுத்தர வர்க்கப் புறநகர் என்பதே அதன் பெயர். இப்புகழில் இரண்டு கூற்றுகள் பிணைந்துள்ளன. அது தொன்மையான, மரபு மாறாத ஊர் என்பது ஒன்று. முன்கூட்டியே திட்டமிட்டு அமைக்கப்பட்ட சுகாதாரமான நகர்ப்பகுதி என்பது மற்றொன்று. இரண்டும் ஒருசேர முழு உண்மையாக இருத்தல் அரிது.

தொன்மைக்குச் சான்றாகக் காட்டப்படுவது காடு மல்லேஸ்வரர் கோயில். அங்குள்ள 1669ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சிவாஜியின் மாற்றாந்தாய் மகனான ஏகோஜி, மேதரநிங்கனஹள்ளி என்ற கிராமத்தை மல்லபுரத்து இறைவனுக்குக் கொடையாக அளித்ததைக் கூறுகிறது. (இதே ஏகோஜிதான் சில ஆண்டுகளில் தஞ்சையைக் கைப்பற்றி அங்கே மராட்டியர் ஆட்சியைத் தொடங்கியவர், தமிழக வரலாறு படிப்போர்க்கு அவர் புதியவரல்லர்.) கோயிலையே அவர் கட்டினார் என்பது பரவலான நம்பிக்கை, கல்வெட்டு பேசுவதோ கொடையைப் பற்றி. கொடையாக அளிக்கப்பட்ட ஊரின் பெயர் கூர்ந்து நோக்கத்தக்கது. 'மேதர' என்பது மூங்கில் முடைவோரைக் குறிக்கும் கன்னடச் சொல். 'நிங்க' என்பது 'லிங்க' என்பதன் பேச்சு வழக்கு. 'ஹள்ளி' என்பது சிற்றூர். கூடை முடையும் நிங்கனின் ஊர் என்று கொள்ளலாம். இன்று இந்திய அறிவியல் கழகம் அமைந்துள்ள பகுதியே அது என்பர். கோயிலின் பெயர் புறநகரின் பெயராயிற்று. முடைவோர் ஊரின் பெயர் கல்லில் மட்டும் எஞ்சியது. கோயிலுக்கு எதிரே 1997இல் வெளிப்பட்ட நந்தி தீர்த்தத்திற்கு ஏழாயிரம் ஆண்டுப் பழமை கற்பிப்பதும் உண்டு. அதற்குத் தொல்லியல் சான்று ஏதுமில்லை. 1669 என்பதே போதுமான பெருமை.

ஆனால் இன்று மல்லேஸ்வரம் என வழங்கும் தெருக்கட்டம் அந்த மல்லபுரத்தின் வளர்ச்சி அன்று. அது மைசூர் அரசு வரைந்த ஒரு 'எக்ஸ்டென்ஷன்', கன்னடத்தில் 'படாவணெ'. மக்கள் தாமே குடியேறி வளர்த்த 'பேட்டெ' (நம் பேட்டை) என்ற சொல்லிலிருந்து இச்சொல் வேறுபடுவது தற்செயலன்று. 1883 முதல் 1901 வரை திவானாக இருந்த கே. சேஷாத்ரி ஐயர் காலத்தில், 1890களின் தொடக்கத்திலேயே, நெரிசல் மிகுந்த பழைய பேட்டையிலிருந்து மக்களை வெளியேற்றக் குடியமர்த்தும் இடங்களாக மல்லேஸ்வரமும் பசவனகுடியும் திட்டமிடப்பட்டன. திட்டத்தை விரைவுபடுத்தியது பிளேக். 1896இல் பம்பாயில் தோன்றிய நோய் 1898 ஆகஸ்டில் ரயில் பாதை வழியே பெங்களூரை அடைந்தது. 1891இல் பேட்டையும் கண்டோன்மென்டும் சேர்ந்து 1,80,366ஆக இருந்த மக்கள்தொகை 1901இல் 1,59,046ஆகக் குறைந்தது. இறந்தோரும் ஊரைவிட்டு ஓடியோரும் இவ்வெண்ணின் இடைவெளியில் அடங்குவர். பிளேக் மாரியம்மன் கோயில்கள் பெங்களூரிலும் கோவையிலும் ஒருசேரக் காணப்படுவது இக்காலத்து அச்சத்தின் எச்சம்.

ஆக, மரபின் உறைவிடமாகக் கருதப்படும் மல்லேஸ்வரம் உண்மையில் நவீனத்தின் குழந்தை. அகன்ற தெருக்கள், காற்றோட்டமான மனைகள், வடிகால்கள் யாவும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுகாதார அறிவியலின் பாடங்கள். அந்த அறிவியல் ஏட்டில் இல்லாத ஒன்றும் வரைபடத்தில் இடம்பெற்றது. மனைகள் சமூக வாரியாகப் பிரித்து ஒதுக்கப்பட்டன. எந்த வட்டாரம் எந்தச் சாதியார்க்கு, எது பிற மதத்தார்க்கு என்று அரசே வகுத்தது. பேட்டையில் தொழிலும் உறவும் காலப்போக்கில் உண்டாக்கிய பிரிவினையை, எக்ஸ்டென்ஷனில் அளவுநாடா ஒரே நாளில் உண்டாக்கியது.

வீடுகளின் பின்புறம் சென்றால் இதன் மறுபாதி தெரியும். இரு வீட்டு வரிசைகளின் கொல்லைப்புறங்களுக்கிடையே ஒடுங்கிய சந்து ஒன்று ஓடும். எடுப்புக் கழிப்பறைகளிலிருந்து மலத்தை அள்ளிச் செல்லும் தொழிலாளர், வீட்டின் முன்வாசலையோ முன்தெருவையோ மிதிக்காமல் வந்து போவதற்கென்றே அமைந்த வழி அது. இத்தகைய சந்துகள் பெங்களூரின் பிற புறநகர்களிலும் உண்டு. ஆங்கிலேயர் நகராட்சிகளிலும் உண்டு. ஆயினும் சாதி வாரி மனையும் பின்சந்தும் ஒரே வரைபடத்தில் சேரும்போது, அக்கிரகாரத்தின் இலக்கணம் பொறியாளரின் மொழியில் மறுபடி எழுதப்பட்டது என்றே கொள்ள வேண்டியுள்ளது. பெங்களூரின் துப்புரவுப் பணியில் தெலுங்கும் தமிழும் பேசும் தலித் மக்கள் பெருமளவில் இருந்தனர். மல்லேஸ்வரத்தின் தூய்மைக்குரிய புகழில் அவர்கள் உழைப்பின் பங்கே பெரிது. அப்புகழைப் பாடும் நினைவுக் குறிப்புகளில் அவர்கள் தென்படுவது அரிது.

இதே பிளேக் காலத்தில் பெங்களூரில் பணியாற்றிய மருத்துவர்களுள் ஒருவர் பத்மநாபன் பல்பு. சென்னையில் மருத்துவம் பயின்றவர். ஈழவர் என்பதால் பிறந்த திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்டு மைசூர் அரசுப் பணிக்கு வந்தவர். சாதியைப் பொருட்படுத்தாமல் அவரை அமர்த்திய அரசுதான் மனைகளைச் சாதி வாரியாகப் பிரித்தது. இதை முரண் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட இயலாது. திறமைக்கு அலுவலகத்தில் இடம் உண்டு, அடுத்த வீட்டில் இல்லை என்பதே அக்கால மைசூரின் நவீனத்துவ எல்லை.

சென்னையின் தியாகராய நகரோடு ஒப்பிட்டால் மற்றொன்று விளங்கும். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியில், ஏரியைத் தூர்த்து எழுப்பப்பட்ட அந்நகரின் தெருக்கள் தலைவர்களின் பெயர்களைச் சுமந்தன. 1970களின் இறுதியில் தமிழக அரசு தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகளை நீக்கியபோது அங்கே நீக்குவதற்கு ஏதோ இருந்தது. மல்லேஸ்வரத்துத் தெருக்களோ பெரும்பாலும் எண்கள்: நான்காவது மெயின், பதினெட்டாவது கிராஸ். எண்ணில் சாதி இல்லை. ஒதுக்கீட்டுப் பதிவேட்டில் இருந்தது. பெயர்ப்பலகையை மாற்றித் தீர்க்க முடியாத வகை இது. எண்ணிடப்படாத இரு பெருந்தெருக்கள் மரங்களின் பெயரால் வழங்குகின்றன. சம்பிகெ நம் செண்பகம். மார்கோசா என்பது வேம்பு. கசப்பு எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொல்லின் வழி வந்தது.

தமிழுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. ஆனால் அது அல்சூர், சிவாஜிநகர்த் தமிழன்று. கண்டோன்மென்டுத் தமிழர் படையையும் அதைச் சார்ந்த தொழில்களையும் ஒட்டி வந்தோர். மல்லேஸ்வரத்தில் ஒலித்தது ஹெப்பார், மண்டயம் ஐயங்கார்களின் தமிழ்: வீட்டில் பேசுவது தமிழ், எழுதுவது கன்னடம். தாம் வெளியூரார் என்ற எண்ணம் அவர்களுக்கு இல்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமன் 'பஞ்சவடி'யில் குடியேறியதும் இப்பகுதியில்தான். இரு தமிழ்களும் இரு நகராட்சிகளில் வளர்ந்தன. 1949இல் நகராட்சிகள் இணைந்த பின்னும் தமிழ்கள் இணைந்தன எனச் சொல்ல முடியாது. மல்லேஸ்வரத்தின் 'பண்பாட்டு'ப் பெயருக்கும் கண்டோன்மென்டின் 'கலப்பு'ப் பெயருக்கும் இடையே உள்ள வேறுபாட்டில் மொழியைவிட வர்க்கமும் சாதியும் மிகுதி.

புகழுக்குப் பொருந்தாதவை மட்டுமே உண்டு என்பதில்லை. நடந்து சென்றே காய்கறியும் நூலகமும் கோயிலும் பள்ளியும் எட்டக்கூடிய இந்தியப் புறநகர்கள் எத்தனை? அந்தத் தெருக்கட்டம் இன்றும் பயன்படுகிறது. பிற்காலப் புறநகர்கள் பல அதைக்கூட அளிக்கவில்லை. ராஜா மில் இருந்த நிலத்தில் 2010இல் பேரங்காடி எழுந்தது. 2014இல் மெட்ரோ வந்தது. ஓட்டு வீடுகள் இருந்த மனைகளில் அடுக்ககங்கள் நிற்கின்றன. இவற்றைச் சுட்டி மல்லேஸ்வரம் அழிந்துவிட்டது எனப் புலம்புவோர், மில் தொழிலாளர்களும் அங்கே வாழ்ந்தனர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

1970களில் அமைச்சர் பி. பசவலிங்கப்பா மலம் சுமக்கும் வழக்கத்தை ஒழிக்க முன்னின்றபின், பின்சந்துகள் மெல்ல வேலையிழந்தன. சில அடைக்கப்பட்டன, சில குப்பைமேடாயின, அண்மைக் காலத்தில் சில சுவரோவியங்களோடு நடைவழிகளாகப் புதுப்பிக்கப்பட்டுள்ளன. அவற்றின் பெயர் மட்டும் மாறவில்லை: 'கன்சர்வன்சி லேன்'. பேணிக்காத்தல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல், இந்திய நகராட்சிகளின் வழக்கில் மலம் அகற்றும் பணிக்குப் பெயராயிற்று. அப்பெயரோடுதான் புதுப்பிப்புத் திட்டங்களும் வருகின்றன.