பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி

பொன்விழா மலர் என்றால் சங்கத்தின் கட்டடம், நிர்வாகிகள், விழாக்கள் ஆகியவற்றின் வரலாறு இடம்பெறுவது வழக்கம். நாம் இங்கே எழுத வந்தது வேலைக்குப் போன பிள்ளைகளின் வரலாறு. நம் இளைஞர்கள் சிலர் வார இறுதிகளில், குழந்தைத் தொழிலை எதிர்க்கும் அறநிறுவனங்களுக்குத் தொண்டு செய்யப் போகிறார்கள். “சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுத்தால் குழந்தைத் தொழில் ஒழிந்துவிடுமா?” என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கான விடை இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றிலேயே இருக்கிறது.

இங்கே ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில், குடும்பம் முழுவதும் வேலைக்கு இறங்கியது. அப்பா பால்மரம் வெட்டினார். பிள்ளைகள் ஒட்டுப்பால் பொறுக்கினார்கள், மங்கு துடைத்தார்கள், புல் பிடுங்கினார்கள். மூத்த பெண்பிள்ளை லயத்தில் தம்பி தங்கைகளைப் பார்த்துக் கொண்டாள். பெற்றோருக்குப் பாசம் இல்லாமலில்லை. ஒருவர் கூலியில் ஒரு குடும்பம் பிழைக்க முடியவில்லை.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் நிர்வாகமே பள்ளி நடத்த வேண்டும் என்றது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பரவ அதுவே வழி செய்தது. ஆனால் பல இடங்களில் பள்ளி பெயரளவில்தான் இருந்தது. ஒரு கொட்டகை, அதில் ஓர் ஆசிரியர். சில தோட்டங்களில் கங்காணியோ கிராணியோதான் அந்த ஆசிரியர்.

இதைத் தொழிலாளர்கள் ஏற்றுக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். கூலி உயர்வு, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமாருக்கு முன் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை ஆகிய கோரிக்கைகளுடன், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. நாதன் கைதாகி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி கேட்டதும் அந்தப் போராட்டத்தின் ஒரு பகுதி என்பதை நம் வீட்டுப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

பட்டணத்துக் கதை வேறு. இராமநாதபுரம், தஞ்சைக் கடலோரம், கடையநல்லூர்ப் பக்கங்களிலிருந்து வந்த நம்மவரில் பலர், மீசை முளைக்காத வயதிலேயே கடைப்பையன்களாகக் கப்பலேறியவர்கள். பகலெல்லாம் பாத்திரம் கழுவி, இரவில் கடையிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். அவர்களில் முதலாளி ஆனவர்களின் கதையைத்தான் நாம் பெருமையோடு சொல்லி வருகிறோம். கடைசிவரை ஊருக்கு ஒரு கடிதம் எழுதவும் அடுத்தவரைத் தேடிப் போனவர்களின் கதையைச் சொல்ல ஆளில்லை. உழைத்தால் உயரலாம் என்பது உண்மைதான். எழுத்தறியாமல் உழைத்தவர்கள் எத்தனை பேர் உயர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற பின் 1966இல் சிறார், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் வந்தது. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் குறைந்தபட்ச வயது உடன்படிக்கையை மலேசியா 1997இலும், கொடிய குழந்தைத் தொழிலைத் தடுக்கும் உடன்படிக்கையை 2000இலும் ஏற்றது. 2019இல் திருத்தம் நடப்புக்கு வந்தபின், 15 வயதுக்குட்பட்டோர் சிறார். 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை இலேசான வேலைக்கும் அமர்த்தக் கூடாது. குடும்பக் கடையில் இலேசான வேலை என்றாலும், இரவு 8 மணிக்குப் பின் சிறாரை நிறுத்தி வைக்கச் சட்டம் இடம் தரவில்லை. பள்ளி நேரமும் வேலை நேரமும் சேர்ந்து ஒரு நாளில் 7 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. உணவகம் நடத்தும் நம் குடும்பங்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

சட்டம் பிள்ளையை வேலையிலிருந்து விலக்கும். விலக்கிய பிள்ளை போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். 1982இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியபோது, பல்கலைக்கழக மாணவர்களே தொண்டர்களாக முன்வந்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். வேறு சமயத்தவர் தொடங்கியதாயினும் நாம் கற்க வேண்டிய பாடம் அது. தோட்டத்துப் பிள்ளை பல்கலைக்கழகம் போக, சட்டத்தோடு இளைஞர்களின் வார இறுதிகளும் தேவைப்பட்டன.

இன்று ஒட்டுப்பால் பொறுக்கும் நம் பிள்ளைகள் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பழைய டின்களையும் அட்டைகளையும் பொறுக்கும் பிள்ளைகள் இதே கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ரோஹிங்யா அகதிகளின் பிள்ளைகளும் உண்டு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா சேரவில்லை. அகதிப் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பள்ளிகளில் இடமில்லை. 1998இல் செந்தூலில் தொடங்கிய டிக்னிட்டி அறநிறுவனம் போன்றவையும், சமூகக் கற்றல் மையங்களும்தான் அவர்களுக்குப் பள்ளி. அங்கே ஆசிரியர் கிடைக்காவிட்டால் பிள்ளை மறுபடி தெருவுக்குப் போகும். நம் இளைஞர்களின் இரண்டு மணி நேரத்துக்கு அதனால்தான் மதிப்பு. ஆனால் ஒரு மாதம் போய்ப் படம் எடுத்துக்கொண்டு நின்றுவிட்டால் பயனில்லை. வருடம் முழுவதும் போக வேண்டும்.

பத்ருப் போரில் பிடிபட்டவர்களில், மீட்புத் தொகை கட்ட முடியாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மதீனாவின் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை என்று பெருமானார் (ஸல்) ஏற்பாடு செய்தார்கள் என்பது நாம் மதரஸாவில் கேட்டு வளர்ந்த செய்தி. பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பது ஒரு மனிதரின் விடுதலைக்கு ஈடாக வைக்கப்பட்டது.

சங்கம் தன் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடும் இவ்வேளையில், ஒவ்வொரு குடும்பமும் ஒரு பிள்ளையையாவது இந்தத் தொண்டுக்குத் தொடர்ந்து அனுப்பட்டும். வல்ல நாயன் அதற்கு அருள்புரிவானாக, ஆமீன்.