முடியும் எலும்பும்

மைசூர் அரண்மனைக்குச் சுற்றுலா செல்லும் நம் கிருஷ்ணகிரி மாணவர், மன்னர் படங்களின் முன்னே மலைத்து நிற்கக் கண்டிருக்கிறோம். மணி பதித்த தலைப்பாகை, மார்பில் முத்துமாலை, இடையிலே வாள்! "எத்துணை வீரம் ஐயா!" என்கின்றனர். வீரமா அது? வரலாற்றைக் கேட்போம், வாருங்கள்.

1831-இல் மைசூரின் ஆட்சியை வெள்ளையர் பறித்தனர். 1881-இல்தான் திருப்பித் தந்தனர். இடையிலே அரை நூற்றாண்டு! மன்னருக்குப் பட்டம் இருந்தது, அதிகாரம் இல்லை. அந்த இடைக்காலத்திலேதான் நிழற்படக் கருவி இந்நாட்டில் பரவிற்று. உறையை விட்டு எழ முடியாத வாள், படத்திலே ஒளிவிட்டது!

1877 சனவரி முதல் நாள். விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கத் தில்லியிலே தர்பார் கூட்டினார் லிட்டன் பிரபு. வந்த மன்னர்களுக்குக் கொடியும் பதக்கமும் வழங்கினார். போர்ன் அண்ட் ஷெப்பர்டு நிறுவனத்தார் அவர்களைப் படமெடுத்தனர். மைசூர் மன்னர் சாமராசேந்திர உடையார் அன்று பதின்மூன்று வயதுச் சிறுவர். அவருக்கென வகுக்கப்பட்ட மரியாதை 21 குண்டுகள். ஆள்வதற்கோ ஒரு சிற்றூரும் இல்லை!

குண்டு முழங்கிய அந்நாளில் நம் மண்ணில் என்ன முழங்கிற்று? பசி! தாது வருடப் பஞ்சம். கிருஷ்ணகிரியும் ஓசூரும் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை; பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. தர்பார் நடந்த அதே மாதத்தில், நிவாரணப் பணியிலே உழைத்தோரின் கூலி குறைக்கப்பட்டது. ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணாக் காசு. அவ்வளவே!

அந்த மக்களும் படமெடுக்கப்பட்டனர். சென்னைப் படையின் அதிகாரி ஹூப்பர், சென்னை மாகாணத்துப் பஞ்சத்தில் வாடியோரை வரிசையாக அமர்த்திப் படம் பிடித்தார். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். தலைப்பாகை இல்லை, முத்துமாலை இல்லை. பெயரும் இல்லை!

கருவி ஒன்றே, காலமும் ஒன்றே. மன்னர் படத்திற்குப் பொற்சட்டமும் அரண்மனைச் சுவரும் கிடைத்தன. உழவன் படம் எந்தச் சுவரில் தொங்குகிறது?

1971-இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டது. மனத்திலே மலைப்பு மட்டும் ஒழிந்தபாடில்லை. அரசர் படத்தைக் கழற்றி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை, தோழர்களே! அதன் அருகிலே, அதே அளவில், அந்தப் பஞ்சப் படத்தையும் மாட்டுங்கள் என்கிறோம். பிறகு மாணவனை அழைத்து வாருங்கள். எதன் முன் நிற்பது என்பதை அவன் அறிவே முடிவு செய்யட்டும்!