தாஊனும் ஓசூர் மேட்டுநிலமும்

நாம் பிளேக் என்று வழங்கும் கொள்ளைநோயை அரபு நூல்கள் ‘தாஊன்’ என்கின்றன. அதன் வரலாற்றில் பழைய தருமபுரி மாவட்டத்திற்கும் ஓர் இடமுண்டு.

1894இல் ஹாங்காங்கில் யெர்சின் இந்நோயின் பாக்டீரியாவை இனங்கண்டார். 1896இல் பம்பாயில் தோன்றிய நோய் 1898இல் பெங்களூரை அடைந்தது. எலியின் மேலுள்ள தெள்ளுப்பூச்சியே இதைப் பரப்புகிறது என்று சிமோன் கண்டறிந்ததும் அவ்வாண்டில்தான். பெங்களூரை அடுத்த ஓசூர்ப் பகுதி அன்று சேலம் மாவட்டத்திலும், 1965 முதல் தருமபுரியிலும், 2004 முதல் கிருஷ்ணகிரியிலும் அமைந்தது. கோலார், சித்தூர் எல்லைகளோடு இது கூடும் மேட்டுநிலத்தில் நோய் நெடுங்காலம் தங்கியது. வயல் வளைகளில் வாழும் வெள்ளெலிகளிடையே கிருமி நிலைத்ததே காரணம்.

வீட்டு எலிகள் செத்து விழுவதே முதல் எச்சரிக்கை. அதைக் கண்டதும் தென்னிந்தியச் சிற்றூர் மக்கள் வீடுகளைக் காலி செய்து வெட்டவெளியில் குடிசையிட்டுத் தங்கினர். செத்த எலியை விட்டு நீங்கும் தெள்ளுப்பூச்சி மனிதரை நாடுவதால் இது பயனுள்ள செயலே.

ஆனால் இது மார்க்கத்திற்கு உகந்ததா? தாஊன் பரவிய ஊருக்குச் செல்ல வேண்டாம், இருக்கும் ஊரில் பரவினால் தப்பியோட வேண்டாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. இதையொட்டியே உமர் (ரலி) அவர்கள் ஷாம் எல்லையிலிருந்து திரும்பினார்கள். அதே கலீஃபாதான், ஹிஜ்ரி 18இல் அம்வாஸ் கொள்ளைநோயின்போது, படையினரைத் தாழ்நிலத்திலிருந்து மேட்டுநிலத்திற்கு மாற்றுமாறு அபூஉபைதா (ரலி) அவர்களுக்கு எழுதியதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஆகவே நோயைப் பிற ஊருக்குச் சுமந்து ஓடுவது வேறு. ஊர் எல்லைக்குள் நல்ல இடம் பெயர்வது வேறு என்று நாம் கொள்ளலாம்.

1994இல் சூரத்தில் நோய்ச் செய்தி பரவியதும் லட்சக்கணக்கானோர் வெளியேறினர். அதனால் நாடெங்கும் அச்சம் பரவியது.

திடீர்க் கடுங்காய்ச்சல், நடுக்கம், தொடையிடுக்கிலோ அக்குளிலோ கழுத்திலோ வலியுடன் நெறிகட்டுதல் ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். நுரையீரலைத் தாக்கினால் இருமலில் இரத்தம் வரும். மூச்சு வழியே பிறருக்கும் தொற்றும். அந்நிலையில் ஒருநாள் தாமதமும் உயிரைப் பறிக்கக்கூடும். ஸ்ட்ரெப்டோமைசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளை உடனே தொடங்கினால் பெரும்பாலோர் பிழைப்பர்.

எனவே எலிகள் கூட்டமாகச் செத்தால் கையால் தொடாமல் சுகாதாரத் துறைக்குத் தெரிவிப்பதும், நோயாளியுடன் நெருங்கிப் பழகியோர் ஊரைவிட்டு ஓடாமல் தடுப்பு மருந்து உண்பதும் நம் கடமை. நபிமொழி காட்டும் பொறுமையும் மருத்துவம் கோரும் விரைவும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.